வானை லாச்சப்பலில் பிடிக்காதீர்கள், யாழ்ப்பாணத்தில் பிடியுங்கள்

தைப்பொங்கல் முடிந்த கையோடு ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஒரே கதைதான்: கோடைக்கு ஊருக்குப் போக ரிக்கெற் என்ன விலை? கார் து நோரிலிருந்து லாச்சப்பல் மெத்ரோ வரை நடந்தால் ரிக்கெற் விற்கிற கடைக் கண்ணாடிகளில் கொழும்பு விலை ஒட்டியிருக்கும். உள்ளே போய் ரிக்கெற் எடுத்தால், அடுத்த கேள்வி அநேகமாக இதுதான்: "எயார்போர்ட்டுக்கு வான் வேணுமோ?" எங்கள் அம்மா அப்பாமார் அதற்கு ஓம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார்கள். கட்டுநாயக்காவில் ஏறி, யாழ்ப்பாணம் போய், கண்டி பார்த்து, திரும்பக் கட்டுநாயக்காவில் இறங்குகிற மாதிரி முழு விடுமுறைக்கும் ஒரே வான்.

எங்கள் வயதுக்காரர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறொன்று செய்கிறோம். இணையத்தில் தேடி, கொழும்பில் ஒரு காரை நாங்களே ஓட்டுகிற மாதிரிப் பதிவு செய்கிறோம். மாமாவும் வேண்டாம், சாரதியும் வேண்டாம், திறப்பு எங்கள் கையில். அந்த ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடவே விளங்கும்.

ஆனால் இரண்டுமே பிழையான இடத்தில் தொடங்குகின்றன என்பது என் அபிப்பிராயம். ஊர் வடக்கில் இருந்தால் வாகனத்தை வடக்கில் எடுங்கள். அதுவும் தேவையான நாட்களுக்கு மட்டும்.

முதலில் கணக்கு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். பாரிசிலிருந்து நான்த் போகிற தூரம்தான், நாலு மணித்தியாலத்தில் போகலாம் என்று நினைப்பீர்கள். அங்கே வடக்குக்கு ஓட்டோறூட் இல்லை. எயார்போர்ட்டிலிருந்து தொடங்குகிற நெடுஞ்சாலை கொழும்புக்கும் தெற்குக்கும்தான் போகிறது. ஊர்மனைக்கு வெளியே காருக்கு வேக எல்லை 70. ஆகவே ஏழு, எட்டு மணித்தியாலம் பிடிக்கும். நீங்களே ஓட்டுகிற வாடகைக் காருக்குப் பெரும்பாலும் நாளுக்கு 100 கிலோமீற்றர் என்று ஒரு கட்டு இருக்கும், மிஞ்சினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் காசு. போக 400, வர 400. எட்டு நாளின் கட்டு றோட்டிலேயே முடிந்துவிடும். சாரதியோடு வான் எடுத்தாலும் இதே கதைதான். உங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற தூரத்துக்கும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்.

குடாநாட்டுக்குள் வந்த பிறகு என்ன தூரம்? யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை 35 கிலோமீற்றர் கூட வராது. காங்கேசன்துறை 20க்குள். நயினாதீவுக்குப் போனால் குறிகட்டுவானில் காரை விட்டுவிட்டுப் படகு ஏறத்தான் வேண்டும். முல்லைத்தீவு, மன்னார் என்று தூரமாகப் போகிற இரண்டு மூன்று நாட்களுக்கு வாகனம் வேண்டும். மற்ற நாட்களுக்கு ஓட்டோவும் சைக்கிளும் தாராளம். பதினாலு நாள் வாடகை கட்டி அதில் எட்டு நாள் அம்மம்மாவின் முற்றத்தில் மாமர நிழலில் நிற்கிற வான்களை எண்ணிப் பாருங்கள்!

அடுத்தது பெர்மி. பிரெஞ்சு பெர்மியைக் காட்டி அங்கே ஓட்ட முடியாது. இங்கிருந்தே சர்வதேச பெர்மி எடுக்க வேண்டும். காசில்லை, இணையத்தில்தான் விண்ணப்பம், ஆனால் கையில் கிடைக்க வாரங்கள் போகும், சில வேளை மாதங்களும் போகும். அதைக் கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் காட்டி அங்கீகாரம் வாங்கித்தான் ஓட்டுவது வழக்கமாக இருந்தது. 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்காவிலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதி கொடுக்கிற கவுண்டர் ஒன்று திறந்தார்கள், ஆகவே அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. கடதாசி கிடைத்துவிடும். மற்றப் பக்கத்தால் ஓடுகிற பழக்கம் கவுண்டரில் கிடைக்காது. கியர் இடது கையில், சுற்றுவட்டம் மறு வளத்தால், சிக்னல் போடப்போய் வைப்பர் ஓடும். இதை பஸ்ஸும் லொறியும் மாடும் ஓட்டோவும் ஒன்றாகப் போகிற றோட்டில், பதினைந்து மணித்தியாலப் பயணக் களைப்போடு முதல் நாளே பழகப் போகிறீர்களா?

வானில் போகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். விமானம் இறங்கின கையோடு இரவோடு இரவாக வடக்குக்கு ஓடுகிற பழக்கத்தை நாங்களாவது நிறுத்த வேண்டும். சாரதி அன்று பகல் முழுக்க ஓடி எயார்போர்ட்டுக்கு வந்திருப்பார். விடியப்புறம் மூன்று மணிக்கு வானில் எல்லாரும் நித்திரை, அவர் மட்டும் முழிப்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் வான் விபத்து என்று ஒரு செய்தியாவது படிக்காதவர் எங்களில் இல்லை. பக்கத்தில் நீர்கொழும்பு இருக்கிறது. ஒரு இரவு படுத்து எழும்பிப் போங்கள்.

பிறகு ரயில். 1990 இல் அறுந்த யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்ரோபர் 13 இல்தான் திரும்ப வந்தது. பாதை வேலை என்று இடையில் மூடுவதும் உண்டு, 2023 இல் மாதக்கணக்கில் மூடியிருந்தது. ஆகவே ஓடுகிறதா என்று முதலே விசாரியுங்கள், ஓடாவிட்டால் பகல் பஸ். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு என்று அம்மாவின் கதைகளில் கேட்ட பெயர்களெல்லாம் பலகையாக யன்னலில் வரும். காசு கணக்கு எல்லாவற்றையும் விட்டாலும் இதற்காகவே நான் ரயிலில் போவேன்.

இனி, ஊரில் எடுக்கிற கார் ஏன் வேறு என்று சொல்கிறேன். அம்மாவின் இடம் மயிலிட்டி. 1990 இல் வெளிக்கிட்ட சனத்துக்கு அந்தத் துறைமுகமும் சுற்றின காணியும் 2017 ஜூலையில்தான் விடப்பட்டன. வலிகாமம் வடக்கில் இன்னும் விடாத காணிகள் இருக்கின்றன. நானும் இரண்டு மச்சாள்மாரும் போனபோது எங்களிடம் இருந்தது அம்மா கீறித் தந்த ஒரு வரைபடம்: ஒரு கோயில், ஒரு கிணறு, ஒரு புளியமரம். தொலைபேசியில் அந்த ஒழுங்கைக்குப் பெயரே இல்லை. ஹயருக்கு வந்த அண்ணா கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "புளி இப்ப இல்லைப் பிள்ளை, கிணறு இருக்கு" என்றார். அவரும் அந்தப் பக்கத்து ஆள், சின்ன வயதில் இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்தவர். எந்த ஒழுங்கையால் போகலாம், எங்கே படம் எடுக்கக் கூடாது, யாரிடம் கேட்டால் எங்கள் தாத்தாவைத் தெரிந்திருக்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கொழும்பில் திறப்பை வாங்கிக்கொண்டு நாங்களே ஓடியிருந்தால் கம்பிவேலி வரை போய்த் திரும்பியிருப்போம்.

காசும் அப்படித்தான். கொழும்புக் கொம்பனிக்குப் போகிற வாடகை அங்கேயே நிற்கிறது. அவருக்குக் கொடுத்தது அந்த ஊரில், அவருடைய மகளின் ரியூசனுக்குப் போனது. 2020 இலிருந்து 2025 தொடக்கம் வரை அங்கே வாகன இறக்குமதி தடை. பழைய காரே பெரிய விலை. ஒரு காரை வைத்துக் குடும்பம் நடத்துகிறவரிடம் இங்கத்தைய ஊபர் விலையோடு ஒப்பிட்டு பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது.

"எனக்கு நான்தான் ஓட்ட வேணும்" என்கிறவர்கள் அதையும் யாழ்ப்பாணத்தில் எடுங்கள், இரண்டு நாளுக்கு. ஆனால் சொந்தக்காரரின் நண்பர் தருகிற கார் என்றால், காப்புறுதி சொந்தப் பாவனைக்கா வாடகைக்கா என்று கேளுங்கள். சொந்தப் பாவனைக்கு என்றால் விபத்து நேரத்தில் அந்தக் கடதாசி உதவாமல் போகலாம். கொம்பனி என்றால் கோசியோனுக்குக் கிரெடிட் கார்ட் கேட்பார்கள். உங்கள் கார்டில் டெபிட் என்று எழுதியிருந்தால் சில இடங்களில் எடுக்க மாட்டார்கள், புறப்பட முதல் திருப்பிப் பாருங்கள்.

அம்மம்மாவோடும் கைக்குழந்தையோடும் ஆளுக்கு 30 கிலோப் பெட்டியோடும் போகிறவர்களுக்கு எயார்போர்ட்டிலிருந்து வான்தான் சரி. அவர்களை ரயிலில் ஏற்றச் சொல்ல நான் ஆள் இல்லை. அவர்களும் பகலில் ஓடட்டும், யாழ்ப்பாணத்தில் வானை அனுப்பிவிடட்டும்.

சாரதியோடு எடுத்தால் மூன்றை முதலே பேசி முடியுங்கள்: கிலோமீற்றர் விலை, அவருடைய சாப்பாடு, இரவு தங்கினால் அவருக்குப் படுக்கை எங்கே. வானுக்குள் படுக்கட்டும் என்று விடுகிற ஆட்களாக நாங்கள் இருக்க வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நல்ல சாரதிமார் எல்லாருக்கும் ஓட்டம் இருக்கும், அந்த நேரம் போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். கோயிலடிக்கு மட்டும் வாகனம் கேட்காதீர்கள். சுற்றுறோட்டெல்லாம் பூட்டு, அங்கே எல்லாருக்கும் நடைதான்.