தாய்க்கும் பார்வை நேரமா?

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தைக்கு, குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது அன்றாடச் சடங்கு. குத்தும்போது கால் உதறும், புருவம் நெரியும், வாய் அகலத் திறக்கும். தொண்டையில் சுவாசக் குழாய் இருந்தால் அழுகை மட்டும் கேட்காது. அந்த நேரத்தில் தாய் பெரும்பாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பார்வை நேரம் வரட்டும் என்று காத்திருக்கிறாள். இந்த ஏற்பாடு தவறு என்பது என் கட்சி. இரக்கத்தின் பேரில் மட்டும் இதைச் சொல்லவில்லை. பச்சிளம் உடலில் வலி, பிரிவு, மனஅழுத்த ஹார்மோன் மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பார்த்தால், தாயைப் பார்வையாளராகக் கணக்கிடுவதற்கு மருத்துவ நியாயமே இல்லை.

பிறந்த குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். வலிநீக்கி இல்லாமல், தசையைத் தளர்த்தும் மருந்தை வைத்தே அறுவைசிகிச்சைகூட நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. இதய அறுவைசிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான மயக்க மருந்தோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் மனஅழுத்த ஹார்மோன்கள் எகிறின. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். அழ முடியாத பிள்ளைகளுக்காக ரத்தம் சாட்சி சொன்னது.

ஃபென்டனில் வேலை செய்வது ஓபியாய்டு ஏற்பிகள் வழியாக. அபினும் மார்ஃபினும் போய் ஒட்டும் இந்த ஏற்பிகள் 1973-இல் அடையாளம் காணப்பட்டன. போதைப்பொருளுக்காக இயற்கை படைத்த பூட்டுகள் அல்ல அவை. உடலே சுரக்கும் எண்டார்ஃபினுக்கானவை. மனஅழுத்த ஹார்மோனான கார்டிசோலைச் சுரக்கச் சொல்லி அட்ரினல் சுரப்பிக்கு ஆணையிடும் ஏ.சி.டி.எச். ஹார்மோனும், வலியைத் தணிக்கும் பீட்டா எண்டார்ஃபினும் ஒரே தாய்ப்புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. அபாய மணியும் அதை அடக்கும் கையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வளர்ந்தவர்களில் இந்த ஏற்பிகளை மருந்தால் அடைத்தால் கார்டிசோல் உயர்கிறது. சாதாரண நேரத்திலும் அவை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று.

குட்டிகளிடம் இதில் தாயும் சேர்ந்துகொள்கிறாள். மியூ வகை ஓபியாய்டு ஏற்பி இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிக் குட்டிகளைப் பற்றிய ஆய்வு 2004-இல் வந்தது. தாயிடமிருந்து பிரித்தபோது அவை மற்றக் குட்டிகளைப் போலக் கூப்பிடவில்லை. குளிரில் வைத்தாலோ கத்தின. குரல் இருந்தது, தாய்க்கான ஏக்கம்தான் குறைந்திருந்தது. எலிக்குட்டிகளின் வாழ்வில் முதல் இரண்டு வாரங்களில் மனஅழுத்த ஹார்மோன்கள் எளிதில் பொங்குவதில்லை. ஆனால் தாயை ஒரு நாள் முழுக்கப் பிரித்தால் அந்த அமைதி குலைகிறது. ஆய்வாளர்கள் குட்டிகளைத் தூரிகையால் வருடியும் பாலூட்டியும் அதைப் பெருமளவு மீட்டார்கள். தாய் செய்வது வெறும் கொஞ்சல் அல்ல, ஹார்மோன் வேலை.

எலியை வைத்து மனிதக் குழந்தைக்குச் சட்டம் எழுதலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனிதரில் கிடைத்த ஒரு தடயம் இது: கருவிலேயே மெதடோன் என்ற ஓபியாய்டுக்குப் பழகிப் பிறந்த குழந்தைகளைச் சர்க்கரைக் கரைசல் சமாதானப்படுத்தவில்லை, சூப்பானோ சமாதானப்படுத்தியது. இனிப்பின் ஆறுதல் ஓபியாய்டு வழியில் போகிறது, மற்ற ஆறுதல்களுக்கு வேறு வழியும் உண்டு என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அப்படியானால் வலிக்கும் நேரத்தில் நாக்கில் நாலு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் போதும் என்பவர்களுக்கு இதுவே பதில். மார்போடு அணைத்துப் பாலூட்டும் தாய் இரண்டு வழிகளையும் ஒருசேரத் திறக்கிறாள். மார்ஃபினையே தொடர்ந்து ஏற்றிவிடலாமே என்றால், 898 குறைமாதக் குழந்தைகளை வைத்து அதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. 2004-இல் வந்த முடிவின்படி, மரணமோ மூளை ரத்தக்கசிவோ குறையவில்லை. ரத்த அழுத்தம்தான் சரிந்தது. அறுவைசிகிச்சைக்கு வலிநீக்கி அவசியம், அதில் விவாதமே இல்லை. ஆனால் நாள் முழுக்க நடக்கும் சின்னச் சின்னக் குத்தல்களுக்கு அது மாற்றல்ல.

தாய் உள்ளே வந்தால் தொற்று வரும் என்பதே நிர்வாகங்கள் கடைசியில் எடுக்கும் அஸ்திரம். உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021-இல் வெளியான ஆய்வில் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 3,211 எடை குறைந்த குழந்தைகள் இடம்பெற்றார்கள். உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்ததுமே கங்காரு முறையில் தோலோடு தோல் அணைக்கப்பட்ட குழுவில் முதல் 28 நாள் மரணம் 12 சதவீதம். வழக்கமான பராமரிப்பில் 15.7 சதவீதம். தொற்றும் கூடவில்லை, குறைந்தது. இந்த வித்தியாசத்துக்கு ஓபியாய்டு ஏற்பிகளே காரணம் என்று நான் சொல்லவில்லை. கதகதப்பு, தாய்ப்பால், கைமாறாத பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அதில் பங்கிருக்கும். தொற்றைக் காட்டிக் கதவைச் சாத்த முடியாது என்பதற்கு அந்தக் கணக்கு போதும். இந்திய ஆய்வு நடந்த டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் இதற்காகச் செய்த முக்கிய மாற்றம் ஒன்றுதான்: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே, குழந்தையின் பக்கத்தில், தாய்க்கு ஒரு கட்டில் போட்டார்கள்.