சிசுவின் நித்திரையும் வீட்டாரின் பொறுப்பும்

பிள்ளை பிறந்த வீட்டில் நடுநிசியில் குழந்தை வீறிட்டு அழுதால், பால் போதவில்லையோ, தாய் ஆகாத பண்டம் எதையேனும் தின்றுவிட்டாளோ, இவளுக்குப் பிள்ளை வளர்க்கவே தெரியவில்லையோ என்ற வினாக்களெல்லாம் அவளை நோக்கியே எழுகின்றன. பிரசவத்தின் களைப்பு தீராமல், தையலும் ஆறாமல், அன்றிரவு மூன்றாம் முறையாக எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின்மேல் சுமத்தப்படும் இச்சந்தேகங்கள் பெரும்பாலும் ஆதாரமற்றவை. குழந்தை தன் சுபாவப்படியே உறங்குகிறது. அதன் சுபாவத்தை நாம்தான் அறிந்துகொள்ளவில்லை.

பிறந்த சிசு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குவது சகஜம். ஆயினும் அது தொடர்ச்சியான உறக்கமன்று; இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாகப் பகலிலும் இரவிலும் சிதறிக் கிடப்பது. வெளிச்சத்தையும் இருளையும் கொண்டு காலத்தைக் கணிக்கின்ற மூளையின் உறுப்பு சிசுவிடம் இன்னும் பரிபக்குவம் அடையாதிருப்பதாலும், இரவில் உறக்கத்தைக் கூட்டும் மெலடோனின் என்னும் சுரப்பு ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில்தான் ஓர் ஒழுங்குக்கு வருவதாலும், சிறிய இரைப்பையில் தாய்ப்பால் விரைவில் ஜீரணமாகி மீண்டும் பசி எடுப்பதாலும், அதற்கு இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. சிகாகோ சர்வகலாசாலையில் நித்திரையை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட நதானியல் கிளைட்மன், ஒரு குழந்தை உறங்கிய நேரங்களையும் விழித்திருந்த நேரங்களையும் மாதக்கணக்கில் குறித்துவைத்து 1953இல் வெளியிட்டார். முதல் வாரங்களில் சிதறிக் கிடந்த அதன் உறக்கம், பின்னர் நாளுக்கு நாள் சற்றே பிந்திப் பிந்தி நகர்ந்து, மாதங்கள் கடந்த பிறகே இரவில் நிலைகொண்டது. எவரும் கற்பித்து வந்த ஒழுங்கன்று அது; காலக்கிரமத்தில் தானே விளைந்தது.

அதே ஆண்டில் கிளைட்மனும் அவருடைய மாணவர் யூஜின் அசெரின்ஸ்கியும், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் ஒரு நித்திரை நிலை உண்டென்று உலகுக்கு அறிவித்தனர். அசெரின்ஸ்கி முதலில் கூர்ந்து கவனித்தது குழந்தைகளின் கண்களைத்தான். பிறந்த சிசுவின் உறக்கத்தில் ஏறக்குறைய பாதி இவ்விதமான சலன நித்திரை. அப்போது அது முகம் சுளிக்கும், சிரிக்கும், முனகும், கைகால்களை உதறும். மூச்சும் ஒரே சீராக இராது. நரி விரட்டுகிறது என்று நம் பாட்டிமார் புன்னகையோடு சொல்லிவந்ததும் இந்நிலையையே. வளரும் மூளைக்கு இவ்வுறக்கம் இன்றியமையாதது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகையால் முனகல் கேட்டவுடன் பதறிக் குழந்தையைத் தூக்கிவிடாமல், சிறிது பொறுத்துப் பார்ப்பது நலம்; பல வேளைகளில் அது விழிக்காமலேயே உறக்கத்தைத் தொடரும்.

இயற்கையின் இந்நியதிக்குக் காத்திராமல் குழந்தையை எப்படியேனும் உறங்கவைக்க முயன்றதன் சரித்திரம் வேதனை தருவது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மார், தாங்கள் திரும்பி வரும்வரை குழந்தை அழாதிருக்கும்பொருட்டு அபின் கலந்த உருண்டைகளைக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அவர்களை நான் குறைகூற மாட்டேன்; வேறு வழி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. ஆனால் இன்று, வைத்தியர் சொல்லாமலே உறக்கம் வரும் மருந்தைப் புகட்டுவதற்கும், வயிறு நிறைந்தால் தூங்கிவிடும் என்று இரவில் புட்டிப்பால் கொடுத்துத் தாய்ப்பாலைக் குறைப்பதற்கும் என்ன நியாயம் கூற முடியும்? உண்மையில் கவலைக்குரியது வேறு: பிறந்த சில நாட்களில் பாலுக்குக்கூட எழாமல் சோர்ந்து உறங்கும் குழந்தையையும், காய்ச்சலோ மஞ்சள் நிறமோ காணும் குழந்தையையும் தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

குழந்தையை மாற்ற இயலாதெனில் மாற வேண்டியது வீட்டின் ஏற்பாடு. உறக்கம் கெட்ட தாய், நாற்காலியில் அமர்ந்து பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்தால், கையிலுள்ள சிசுவின் மூச்சே தடைப்படக்கூடும். ஆதலால் அவளுடைய நித்திரை குழந்தையின் பாதுகாப்பைச் சேர்ந்த விஷயம். பால் கொடுப்பது ஒன்றே அவளால் மட்டும் ஆகக்கூடியது. துணி மாற்றுவதும், தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்வதும், மல்லாக்கப் படுக்கவைப்பதும், தாலாட்டுவதும் தகப்பனாலும் ஆகும். இரவின் முற்பகுதியை அவன் ஏற்றுக்கொண்டால், அவளுக்கு இடையறாத சில மணி நேர உறக்கமேனும் வாய்க்கும். சட்டத்தின் உதவியோ மிகச் சொற்பம்: பேறுகாலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்திலிருந்து தாய்க்கு 26 வாரம் வரை விடுப்பு உண்டெனினும், வயலிலும் கட்டட வேலையிலும் நாட்கூலிக்கு உழைப்பவளுக்கு அது எட்டுவதில்லை; தகப்பனுக்கோ, மத்திய அரசு ஊழியனாயின் 15 நாள் விடுப்பு உண்டு, தனியார் நிறுவனத்திலாயின் முதலாளியின் தயவே. இந்த 15 நாள் விடுப்பேனும் தகப்பன்மார் அனைவருக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பிரசவத்துக்கு முன்பே ஒரு நாள் கணவனையும் மாமியாரையும் அழைத்து உட்காரவைத்து, வரப்போகும் மூன்று மாதங்களில் குழந்தை எவ்வாறு உறங்கும் என்பதைச் செவிலியர் விளக்கிச் சொல்வதற்கு, அரசாங்கம் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை; ஓர் உத்தரவு போதும்.