மாஞ்சோலை யாருக்கு டூர் ஸ்பாட்?

திருநெல்வேலிப் பக்கம் டூர் கிளம்புகிறவர்கள் கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். பாபநாசம், அகஸ்தியர் அருவி, காரையாறு அணை, மணிமுத்தாறு, சீசன் என்றால் குற்றாலம். கடைசியில் ஸ்டார் போட்டு மாஞ்சோலை. 'நெல்லையின் குட்டி ஊட்டி' என்று பில்டப் வேறு. டென்ட் அடிக்கலாமா, கேம்ப் ஃபயர் போடலாமா, ராத்திரி தங்க விடுவார்களா என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டால் வனத்துறைக்கு வாய் நிறைய அர்ச்சனை.

செக்போஸ்ட்காரர் மேல் தப்பில்லை. மணிமுத்தாறுக்கு மேலே ஏறும் ரோடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 1988ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். யானையும் சிங்கவால் குரங்கும் இருக்கிற காட்டில், ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பார்பிக்யூ போட இடம் கேட்பதெல்லாம் கொஞ்சம் ஓவர். அந்த மலையில் பெய்கிற மழைதான் கீழே தாமிரபரணியாக ஓடி வயலுக்குப் பாய்கிறது என்பதாவது ஞாபகம் இருக்க வேண்டாமா?

விஷயம் அதோடு முடியவில்லை. போட்டோவில் பச்சைக் கம்பளம் மாதிரி தெரிகிறதே, அது இயற்கை விரித்த கம்பளம் இல்லை. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை அழித்து, செடி நட்டு, அட்டைக்கடியோடு கொழுந்து பறித்தவர்கள் கூலிக்குப் போன குடும்பங்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் எஸ்டேட்டாகத் தலைமுறைகள் அங்கேயே பிறந்து அங்கேயே செத்தன.

அந்தக் கூலி போதவில்லை என்று கேட்கப் போய்த்தான் 1999 ஜூலை 23 வந்தது. கலெக்டரிடம் மனு கொடுக்க ஊர்வலமாக வந்தவர்களைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. ஆற்றுக்குள் ஓடியவர்களில் 17 பேர் பிணமாகத்தான் வெளியே வந்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. நெல்லை ஜங்ஷனில் இறங்கி மாஞ்சோலைக்கு வண்டி பிடிக்கிறவர்களுக்குக் கொக்கிரகுளம் பக்கம்தான். எந்த லிஸ்ட்டிலும் அது கிடையாது.

குத்தகை 2028ல்தான் முடிகிறது. ஆனால் கம்பெனி 2024 ஜூனிலேயே கடையைக் கட்டியது. விருப்ப ஓய்வு என்று பெயர். யாருடைய விருப்பம் என்று கேட்கக்கூடாது. அரசின் டான்டீயே எஸ்டேட்டை எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காடு காடாக வேண்டும் என்பது காரணம்.

சரி, ஆகட்டும். காடு திரும்பி வருவது நல்லதுதான், ஒரு மலை தேயிலைத் தோட்டமாகவே கிடக்க வேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பற்று எழுதினால் எதிரில் வரவும் எழுத வேண்டும், இது பி.காம். முதல் வருஷப் பாடம். காட்டுக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள் என்றால், வார லீவுக்குக் கூல்டிரிங்ஸோடு வருகிற காருக்கும் அதே காடுதான். 'நாங்க சாயங்காலம் இறங்கிடுவோமே' என்பார்கள். இறங்கட்டும். ஆனால் நாளைக்கே யாராவது காலியான லயன் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து 'எஸ்டேட் ஸ்டே' என்று போர்டு மாட்டக் கிளம்பினால், இன்றைக்கு டென்ட் அடிக்க இடம் கேட்கிற கூட்டம்தான் முதல் ஆளாக புக் பண்ணும். மூணாறிலும் வால்பாறையிலும் பங்களாக்கள் அப்படித்தானே வாடகைக்குப் போகின்றன? குடியிருந்தவன் போனால் காட்டுக்கு நல்லது, வாடகைக்கு வருகிறவன் வந்தால் சுற்றுலாவுக்கு நல்லது என்று இரண்டு கணக்கு எழுத முடியாது.

ஒரு நாள் வெளியே போய் வர மலை ஏறியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கடனா நதி தாமிரபரணியில் சேருகிற திருப்புடைமருதூருக்கு எத்தனை பேர் போகிறார்கள்? கோயில் கோபுரத்துக்குள் மரச்சிற்பமும் சுவரோவியமும் இருக்கின்றன. வெளியே ஆற்றங்கரை மருத மரங்களில் பறவைகள். ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்த அந்த இடத்தை 2005ல் அரசு பறவைகள் காப்பகமாக அறிவித்தது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊரே இருக்கிறது. அங்கெல்லாம் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், பறவையும் இருக்கிறது. மனுஷன் இருந்தால் காடு அழியும் என்கிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

இல்லை, மாஞ்சோலைதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்கள் பாஸ் வாங்கிக்கொண்டே போகட்டும். போகிற வழியில் கல்லிடைக்குறிச்சியில் டீ குடிக்க நிற்பார்கள் அல்லவா? மேலே கொழுந்து பறித்தவர்கள் இப்போது எங்கே, என்ன வாடகைக்கு இருக்கிறார்கள் என்று கடைக்கார அண்ணாச்சியிடம் விசாரித்துவிட்டு ஏறட்டும்.