சாலொமோனின் கப்பலும் தாயிஃப் மலைக் குரங்கும்



வேதத்தில் குரங்கு வருவது இரண்டே இடங்களில்: 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21. மூன்று வருஷத்துக்கு ஒருதரம் சாலொமோனுக்கு வந்த கப்பல்களில் பொன், வெள்ளி, தந்தத்தோடு குரங்குகளும் மயில்களும் வந்திறங்கின. (அந்த மயிலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லை நம் 'தோகை'யோடு சேர்த்துப் பார்த்தவர் பிஷப் கால்டுவெல்.) எருசலேமுக்குக் குரங்கு ஒரு வேடிக்கைப் பொருள்.

நாம் இருக்கும் அமீரகத்தில் காட்டுக் குரங்கு இல்லை. ஆனால் சவூதியின் தென்மேற்கு மலைகளிலும் ஏமனிலும் ஹமத்ரியாஸ் பபூன் உண்டு. அரபு தீபகற்பத்துக்குச் சொந்தமான ஒரே குரங்கினம் இதுதான். ஆணுக்குத் தோள்வரை வெள்ளிப் பிடரி. பழைய எகிப்தியர் இதைத் தங்கள் எழுத்துத் தெய்வமான தோத்தின் உருவமாக வணங்கினார்கள். நமக்கோ 'குரங்கு' என்றால் வசவு!

ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள், இதுதான் அதன் குடும்பம். விலகிப் போகும் பெண்ணை ஆண் முறைக்கும். அப்படியும் வராவிட்டால் பிடரியைக் கடிக்கும். பகலெல்லாம் விதை, வேர், பூச்சி தேடிப் பல கிலோமீட்டர் நடக்கும். இரவில் பல குடும்பங்கள் ஒரே செங்குத்துப் பாறையில் கூடித் தூங்கும். சிறுத்தைக்குப் பயந்த ஏற்பாடு அது.

தாயிஃபுக்கு ஏறும் அல் ஹதா சாலையில் இந்த நடை நின்றுபோனது. காரை நிறுத்தி ரொட்டியும் வாழைப்பழமும் எறிகிறார்கள். உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்தால் மலையேறித் தேடுவானேன்? கூட்டம் பெருகியது; தோட்டத்திலும் வீட்டிலும் புகுந்தது. இப்போது அரசாங்கம் உணவு கொடுப்பதைத் தடுத்து, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பாடுபடுகிறது. கை நீட்டப் பழக்கியவர்கள் நாம், திருடன் என்ற பெயர் அதற்கு.

ஈத் விடுமுறையில் அந்தப் பக்கம் போய் வந்த வாலிபர்கள், "பாவம், பசிக்குதே, கொடுப்பது இரக்கம்தானே?" என்கிறார்கள். 104ஆம் சங்கீதத்தை ஒருதரம் வாசியுங்கள். மலையும் பாறையும் எந்தெந்தப் பிராணிக்கு அடைக்கலம், ஏற்ற வேளையில் அவற்றுக்கு ஆகாரம் கொடுப்பவர் யார் என்று அதில் இருக்கிறது. நம் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்று. ஆண் குரங்கு உங்களைப் பார்த்து வாயை அகலத் திறந்தால் அது தூக்கக் கொட்டாவி அல்ல. கோரைப்பல்லைக் காட்டி மிரட்டுகிறது. செல்ஃபியை விட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.