உபயங்களுள் ஒன்று உடல்நலத்திற்கும்

தைப்பூசக் காலத்தில் பத்துமலை செல்லும் பாதையெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் அணிவகுத்து நிற்கின்றன. அடியார்களின் தாகம் தீர்ப்பது புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்குவளைகளில் ஊற்றப்படுவது பெரும்பாலும் சீனி கரைத்த சிராப் என்பதை உபயக்காரர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தனர். இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர். நாட்டில் நோயுடையோராகக் கண்டறியப்பட்டவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் அதுவரை தமக்கு நோயிருப்பதையே அறியாதவர்கள்.

அறியாமல் வளரும் நோய் பாதத்தின் நரம்புகளை மெல்ல மரத்துப்போகச் செய்கிறது. கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் காவடி சுமப்பவருக்குக் கொப்புளம் எழுந்தாலும் தெரிவதில்லை. கண்ணாடிச் சில் தைத்தாலும் தெரிவதில்லை. 272 படிகளும் ஏறி இறங்கி, நேர்த்திக்கடன் இனிதே நிறைவேறிய மகிழ்ச்சியுடன் இல்லம் திரும்புகிறார். பின்னர் அப்புண் ஆறாமல் அழுகி, விரலையோ காலையோ அகற்றும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. பழி காவடிக்குரியதன்று. பல்லாண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு துளி இரத்தப் பரிசோதனை செய்யப்படாமற் போனதே காரணம்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கட்டணம் ஒரு வெள்ளிதானே, ஏழைக்கு என்ன தடை என வினவுவோர் உண்டு. தடை வெள்ளியன்று, வேளை. தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் வந்த குடும்பங்களில் பலர் பாதுகாவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் நாள்கூலிக்கு உழைப்பவர்கள். காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. வசதி படைத்தவர் ஆண்டுதோறும் முழு உடற்பரிசோதனை செய்துகொள்கிறார். இவரோ மயங்கி விழுந்த பின்னரே மருத்துவரின் முகம் காண்கிறார். குறைந்த வருமானத்தினருக்கென 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 இலவசப் பரிசோதனைத் திட்டத்தைப் பயன்படுத்தவும் ஒருவர் வேலையை விட்டுத்தான் செல்ல வேண்டியுள்ளது.

கூலியை இழக்காமல் இத்தகையோர் மனமுவந்து வரும் இடம் ஆலயமே. ஆகவே விரதம் தொடங்குவதற்கு முன்பாகவே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆலய மண்டபத்தில் மருத்துவப் பணியாளர்களைக் கொண்டு சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்க நிர்வாகத்தினர் ஏற்பாடு செய்யலாம்; அச்செலவை ஓர் உபயமாக அன்பர் ஒருவர் ஏற்கலாம். விரதத்திற்கு முன் என்பதற்கும் காரணமுண்டு. இன்சுலின் செலுத்திக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்த்தால், சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பந்தல்களில் நீர்மோரும் வெறும் குடிநீரும் போதும். பானகத்தில் இருப்பது வெல்லம், சீனியன்று என்பது சமாதானமாகாது. இரத்தத்தில் கலந்தபின் இரண்டும் ஒன்றே.

சோதித்து, எண்ணைச் சீட்டில் எழிக்கொடுத்து அனுப்பிவிடுவதோடு பணி முடிந்துவிடாது. அளவு மிகுந்தவர்கள் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பதிவு பெற்றனரா என்று ஆலய இளைஞர் பிரிவினர் மறுவாரமே விசாரித்து, துணையின்றி இருக்கும் முதியவர்களைத் தாமே அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும் வாகனத்திற்கும் ஓர் உபயக்காரர் தேவைப்படுவார்.