உழவர் சந்தையின் விலைப்பலகை

ஞாயிறு பூசை முடிந்து, பையோடு தருமபுரி உழவர் சந்தைக்குச் செல்லும் தாய்மாரே, அதன் வரலாறு அறிவீர்களா? பஞ்சாபில் 1987-இல் ‘அப்னி மண்டி’ என்றும், ஆந்திரத்தில் 1999 சனவரியில் ‘ரைத்து பஜார்’ என்றும் தோன்றிய முறை, அவ்வாண்டு நவம்பர் 14-இல் மதுரைக்கு வந்தது; பின்னர் நம் மாவட்டத்திற்கும் பரவியது. அடையாள அட்டை பெற்ற உழவரே அங்குக் கடை விரிக்கலாம், தரகருக்கு இடமில்லை. பலகையில் நாள்தோறும் எழுதப்படும் விலை, மொத்த விலைக்கு மேலும் வெளிக்கடை விலைக்குக் கீழும் நிற்கும். தக்காளி மலிந்துவிட்டாலோ பறிக்கும் கூலிக்கும் கட்டாது. அந்நாளில் சந்தையும் முழுத் துணையாகாது.

உழைப்பவருக்கு நீதியான கூலி வேண்டுமென்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதினார். உழவருக்குப் பலகை விலையே கூலி. அதிலும் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வது முறையாகுமா? கொசுறுக் கறிவேப்பிலை வேறு. அதை அவர்களே மனமுவந்து தருவார்கள்.