பந்து சோறு போடுமா?

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் கிரிக்கெட் ஸ்கோர் காதில் விழும். ஆனால், 2018இல் கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்து இறுதியாட்டத்தில், பலமுறை வாகை சூடிய மணிப்பூரை 2–1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பை வென்றதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2023இல் அமிர்தசரசில் அரியானாவையும் அதே கணக்கில் வென்றார்களே!

“பந்து சோறு போடுமா?” என்று கேட்கும் வீடுகள் பல. கல்லூரி வாசலை முதன்முதலாக என்னால் கண்ட என் வீடும் அவற்றில் ஒன்று. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி, தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரானதே அதற்குப் பதில்.

ஆசிரியப் பெருமக்களே! வாரம் இரு மாலைகள் நம் மைதானத்தை மாணவியருக்கு ஒதுக்குங்கள். கோப்பையைப் பிறகு கேளுங்கள்!